நாய் கடித்த சில்க்கிக்கு முதலில் இருட்டு, பிறகுதான் மருந்து
(இலங்கையின் வடக்கே வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்)

மாரி தொடங்கிவிட்டால் கோழி வளர்ப்பவர்களின் கேள்விகளும் கூடிவிடும். இந்தமுறை வந்தவற்றில் பாதிக்கு மேல், பஞ்சு போன்ற இறகுள்ள சில்க்கி என்னும் கோழியினத்தைப் பற்றியவை. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள் என்று ஒரு சோடி வாங்கி, ஊர்க்கோழியோடு ஊர்க்கோழியாக வளவில் விட்டுவிடுகிறோம். அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. ஊர்க்கோழி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். சில்க்கிக்கு அது முடியாது. கீழே உள்ள பதில்களில் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

நேற்று இரவு தெருநாய் ஒன்று கூட்டைப் பிய்த்து உள்ளே போய்விட்டது. சில்க்கிப் பேடு ஒன்றின் முதுகுத்தோல் உள்ளங்கை அளவுக்குக் கிழிந்து தொங்குகிறது. கோப்பித்தூள் அப்பினோம், இரத்தம் நின்றுவிட்டது. இது பிழைக்குமா?
— ஒரு தாய், விசுவமடு

பிழைக்கும் என்றே நினைக்கிறேன், அம்மா. முதுகில் சதை தெரியக் கிழிந்த கோழிகள் மூன்று நான்கு கிழமையில் தோல் மூடி, இறகும் முளைத்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பார்க்கப் பயங்கரமாக இருக்கும் கிழிசலை விட ஆபத்தானவை வேறு மூன்று. முதல் இரவில் அதிர்ச்சி, நாயின் பல் உள்ளே விட்டுப்போன கிருமி, பகல் வந்ததும் இலையான்.

அதிர்ச்சிக்கு மருந்து இருட்டும் அமைதியும்தான். இரத்தம் ஓடினால் சுத்தமான சீலையை மடித்து ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றதும் ஒரு கார்ட்போட் பெட்டியில் பழஞ்சீலை விரித்து, கோழியை உள்ளே வைத்து, காற்றுப் போகத் துளையிட்டு மூடிவிடுங்கள். ஒரு மணி நேரம் யாரும் திறந்து பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். மழைக் குளிர் என்றால் பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் 40 வாட் பல்ப் ஒன்றின் சூடு படட்டும். சூடு கூடினால் மற்றப் பக்கம் ஒதுங்க இடம் வேண்டும். பிறகு ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) கரைத்த நீரைக் கொடுக்கலாம். கரண்டியால் வாய்க்குள் ஊற்றிவிடாதீர்கள். கோழிக்கு மூச்சுக்குழாயின் வாசல் நாக்கு தொடங்கும் இடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றும் நீர் நேரே நுரையீரலுக்குப் போகும். சொண்டின் ஓரத்தில் ஒரு துளி வையுங்கள். அதுவாக உறிஞ்சி விழுங்கும், அப்புறம் அடுத்த துளி.

அதன் பிறகு காயத்துக்கு வருவோம். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து. இதனால் தாராளமாகக் கழுவுங்கள். கோப்பித்தூளைச் சுரண்டாதீர்கள். நீரில் ஊறி அதுவாகக் கழன்று வரட்டும். தூள் காய்ந்து பொருக்காகி, அழுக்கை அடியில் வைத்து மூடிவிடுகிறது. அதனால்தான் அது வேண்டாம் என்கிறேன். சில்க்கியின் பஞ்சு இறகு காயத்தில் ஒட்டி உள்ளே இழுபடும். காயத்தைச் சுற்றி ஒரு அங்குலத்துக்குக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள், பிடுங்க வேண்டாம். கழுவிய பின் பொவிடோன் அயடினை வெறுந்தேநீர் நிறம் வருமளவுக்கு நீர்விட்டு ஐதாக்கி, நாளுக்கு இரண்டு தடவை நனைத்துவிட்டால் போதும்.

இனி முக்கியமான இடம். கிழிந்த இடத்தோடு நிற்காமல், விரலால் இறகை விலக்கி விலக்கி உடம்பு முழுவதும் பாருங்கள். செட்டையின் கீழ், தொடை, வயிறு எல்லாம். உளுந்தளவு துளை ஒன்று இருக்கும். அதுதான் பல் இறங்கிய இடம். மேலே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழம். அந்தத் துளையைத் தைக்கவும் கூடாது, பிளாஸ்டர் போட்டு அடைக்கவும் கூடாது. அடுத்த நாளுக்குள் மிருக வைத்தியரிடம் காட்டி நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுக்க வேண்டும். மருந்து கொடுக்கும் நாட்களில் இடும் முட்டையை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். சில்க்கிக்குத் தோலே கருநீலம் என்பதால், மற்றக் கோழியில் போலக் காயம் சிவக்கிறதா, பச்சை பாரிக்கிறதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூக்கையும் விரலையும் நம்புங்கள். நாற்றம், சூடு, வீக்கம், இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் உடனே கொண்டுபோங்கள்.

இலையான் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். கோழியை நுளம்பு வலைக்குள் வைத்திருங்கள். புழு வைத்துவிட்டால் உப்புநீரால் கழுவிக் கழுவி, சாவணத்தால் ஒவ்வொன்றாக எடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். புழு சாகும், ஆனால் அது பச்சைச் சதையைச் சுட்டு உடம்புக்குள்ளும் ஊறும். தயவுசெய்து வேண்டாம்.

ஒன்றை விட்டுவிட்டேன். கோழியைப் பறிக்கப் போனபோது நாய் உங்களில் யாரையாவது கடித்தோ கீறியோ இருந்தால், அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, கோழியை விட்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய் ஊசி விஷயத்தில் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

எங்கள் ஊர்க்கோழிகள் மழையில் நனைந்து உதறிவிட்டுப் போகின்றன. சில்க்கி மட்டும் நனைந்த பஞ்சு மாதிரி சுருண்டுவிடுகிறது. ஏன்?
— ஒட்டுசுட்டான்

சாதாரண இறகைக் கையில் எடுத்து விரலால் பிரித்துப் பாருங்கள். பிரிந்த இழைகளை மேல்நோக்கி ஒருமுறை தடவினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அந்த இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுவது அதனால்தான். சில்க்கியின் இறகில் அந்தக் கொக்கிகள் இல்லை. இழை ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கும். தொட்டால் பட்டு மாதிரி இருப்பதற்கும், மழை நேரே தோலில் படுவதற்கும் இந்த ஒரே காரணம்தான். பறக்க முடியாததும் இதனால்தான்.

பறக்க முடியாது என்பதை வன்னியில் இருப்பவர்கள் சாதாரணமாக எடுக்கக் கூடாது. பொழுதுபட ஊர்க்கோழி மாமரத்திலோ முருங்கையிலோ ஏறிவிடும். சில்க்கி நிலத்தில் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கும். இரவில் மரநாய்க்கும் பாம்புக்கும், பகலில் கீரிக்கும் அது கைக்கெட்டிய தீன். போதாததற்குத் தலைக் கொண்டை இறகு கண்ணை மறைப்பதால், மேலிருந்து வரும் பருந்தும் அதற்குத் தெரியாது. கண்ணைச் சுற்றியுள்ள இறகை மாதம் ஒருமுறை கத்தரித்துவிடுங்கள்.

கொட்டிலை நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்தி, ஏறிப்போகச் சரிவாக ஒரு பலகை வையுங்கள். வலை அரை அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையாக இருக்கட்டும். மெல்லிய கோழி வலையை நாய் பல்லாலேயே கிழித்துவிடும். கிடுகுக் கூரை போதும், ஆனால் சாரல் அடிக்கும் வடகீழ்ப் பக்கத்தைச் சாக்கால் மறையுங்கள். தரைக்கு உமி நல்லது. ஈரமானதும் மாற்றுங்கள். நனைந்துவிட்ட கோழியைத் துவாயால் ஒற்றி எடுத்து, காய்ந்த பெட்டியில் வைத்துச் சூடு காட்டுங்கள். குஞ்சு நனைந்தால் நேரம் கடத்தவே கூடாது, ஒரு மணி நேரத்திலேயே குளிர்ந்து செத்துவிடும்.

சில்க்கியும் இந்தியாவின் கடக்நாத்தும் ஒன்றா? இறைச்சி கறுப்பு என்பதால் மருந்துக்கு நல்லது என்று ஒருவர் கூடிய விலை சொல்கிறார்.
— வவுனியா

இரண்டும் வேறு வேறு இனம். கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துக் கோழி. 2018இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாதாரண இறகு, நான்கு விரல். சில்க்கி சீனப் பக்கத்துக் கோழி, காலுக்கு ஐந்து விரல், நீலம் பாரித்த காதுமடல். 13ஆம் நூற்றாண்டில் சீனா போய்வந்த மார்கோ போலோவே பூனை போல மயிருள்ள கறுப்புக் கோழிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தோல், சதை, எலும்பு வரை கறுப்பதற்கு இரண்டிலும் ஒரே மரபணு மாற்றம்தான் காரணம். இந்தோனேசியாவின் அயம் செமானிக்கும் அதுவே.

சீனர்கள் பிள்ளை பெற்றவர்களுக்கு இதில் சூப் வைத்துக் கொடுப்பார்கள். அது அவர்களுடைய பத்தியச் சாப்பாடு. நோய் தீரும் என்று நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். வளர்க்க ஆசை என்றால் வாங்குங்கள்.

செட்டை ஒன்று தொங்குகிறது. நாமே கட்டலாமா?
— ஒரு மாணவன், மல்லாவி

கட்டலாம் தம்பி, ஆனால் எப்படிக் கட்டக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் என்னுடைய பேடு ஒன்றுக்குச் செட்டை முறிந்தது. அசையாமல் இருக்க வேண்டும் என்று நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கட்டு அழகாகத்தான் இருந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் கோழி செத்துக் கிடந்தது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. அந்த அசைவை என் கையாலேயே நிறுத்திவிட்டேன். அந்தக் கோழியை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கும்.

அதனால் செட்டையை அது இயல்பாக மடிந்திருக்கும் விதத்தில் மடித்து, இரண்டு விரல் அகலப் பருத்திச் சீலையால் செட்டையை மட்டும் எட்டுப் போல சுற்றுங்கள். உடம்போடு சேர்த்து ஒரு சுற்றுத்தான் வேண்டும், அதுவும் மற்றச் செட்டையின் கீழால். உங்கள் சின்ன விரல் கட்டுக்குள் இலேசாகப் போய்வர வேண்டும். ஒட்டும் பிளாஸ்டரை இறகில் ஒட்டாதீர்கள். பறவை எலும்பு கெதியாகப் பொருந்தும், மூன்று கிழமையில் அவிழ்க்கலாம். ஆனால் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து, மூட்டை மெல்ல நீட்டி மடக்கிவிட்டு மறுபடி கட்டுங்கள். இல்லாவிட்டால் அப்படியே இறுகிவிடும்.

எலும்பு வெளியே தெரிந்தால் கைவைக்க வேண்டாம். தோளை ஒட்டிய மேற்செட்டை எலும்பு உள்ளே வெறும் குழல். காற்றுப்பைகளோடு அதற்குத் தொடர்பு உண்டு. அந்தக் காயத்தில் நீர் ஊற்றினால் மூச்சுப்பாதைக்குள் போய்விடும். ஈரச்சீலையால் மூடி மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கால் என்றால், முழங்காலுக்குக் கீழே முறிந்ததற்குப் பஞ்சு சுற்றி இரண்டு பக்கமும் ஐஸ்கிறீம் குச்சி வைத்துக் கட்டலாம். விரல்கள் வெளியே தெரிய வேண்டும். அவை வீங்கினாலோ குளிர்ந்தாலோ கட்டு இறுக்கம். தொடை எலும்பு முறிந்தால் குச்சி பிடிக்காது.

மூன்று மாதச் சில்க்கி ஒன்று தலையைப் பின்னுக்கு வளைத்து வானத்தைப் பார்த்தபடியே நிற்கிறது, நடந்தால் பின்பக்கமாக விழுகிறது. வருத்தம் மற்றவற்றுக்கும் தொற்றுமா?
— முள்ளியவளை

மற்றவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். வேறு கோழிகளும் சோர்ந்து, பச்சையாகக் கழிந்து, மூச்சுக்கு இழுத்தால் அது ராணிக்கெட் என்னும் கடும் தொற்று வருத்தமாக இருக்கலாம். எதையும் விற்காமல், வெளியே கொடுக்காமல், உடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். தடுப்பூசி போடாத வளவில் ஒரு கிழமையில் கூடு வெறுமையாகிவிடும்.

ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்கும் நீட்டிப் படுத்தால் நரம்பைத் தாக்கும் மரெக்ஸ் வருத்தம் என்று சந்தேகியுங்கள். சில்க்கியை அந்த வருத்தம் மற்ற இனங்களை விட எளிதில் பிடிக்கும். மருந்து கிடையாது. குஞ்சு பொரித்த நாளிலேயே போடும் தடுப்பூசிதான் காவல். ஆகவே குஞ்சு வாங்கும்போது அது போட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

மற்ற எல்லாம் நலமாக இருக்க, இது ஒன்று மட்டும் இப்படி நின்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வைட்டமின் குறைவு, இல்லாவிட்டால் தலையில் அடி. பல சில்க்கிகளுக்குக் கொண்டையின் கீழே மண்டையோடு முழுதாக மூடியிருப்பதில்லை. நம் குழந்தைகளின் உச்சிக்குழி போல ஓர் இடம் மென்மையாக இருக்கும். ஊர்ச்சேவல் ஒன்று அந்த இடத்தில் பலமாகக் கொத்தினால் போதும், கழுத்து திரும்பிவிடும். கொண்டையை விலக்கி விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்.

எதுவானாலும் செய்வது ஒன்றுதான். தனியே, மங்கலான இடத்தில், சுற்றிவரச் சுருட்டிய சீலை வைத்து விழாமல் இருத்துங்கள். வைட்டமின் ஈ குளிகை ஒன்றைக் குத்தி அதன் எண்ணெயை அவித்த முட்டையில் பிசைந்து தினமும் கொடுங்கள், கூடவே பி கொம்பிளெக்ஸ். இப்படி நிற்கும் கோழியால் தானாகக் கொத்தித் தின்ன முடியாது. நாளுக்கு நான்கு ஐந்து தடவை தலையைக் கையில் தாங்கிப் பிடித்து ஊட்ட வேண்டும். தேறச் சில கிழமை எடுக்கும். இரண்டாம் நாளே மனம் தளர்ந்து அறுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஊட்டுகிற கை இருந்தால் பல தேறிவிடுகின்றன.

என் சில்க்கி எப்போது பார்த்தாலும் அடை கிடக்கிறது. தாரா முட்டை வைத்துப் பார்க்கலாமா?
— தருமபுரம்

தாராளமாக வையுங்கள். வருடத்துக்கு 100 முதல் 120 வரை சின்ன முட்டைதான் இடும், ஆனால் அடையில் இதை வெல்ல வேறு கோழி இல்லை. கோழி முட்டை என்றால் ஏழெட்டு, தாரா முட்டை நான்கைந்து. அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டை குளிர்ந்து கூழாகும். கோழிக்கு 21 நாள், தாராவுக்கு 28, கினிக்கோழிக்கு 26 முதல் 28. ஏழாம் நாள் இருட்டில் போன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு ஓடாததை எடுத்துவிடலாம்.

சில்க்கி அடையில் தன்னை மறந்துவிடும். எழும்பாமல் கிடந்து மெலிந்தே சாகிறதும் உண்டு. தினமும் ஒருமுறை கையால் தூக்கி, தீனுக்கும் தண்ணீருக்கும் முன்னால் விடுங்கள். தூக்கும்போது செட்டையின் கீழே முட்டை ஒட்டிக்கொண்டு வரும், அதைக் கவனியுங்கள். வயிற்றடியில் பேன் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். தாராக்குஞ்சு பொரித்த பிறகு தட்டையான பாத்திரத்தில் மட்டும் தண்ணீர் வையுங்கள். குஞ்சு வாய்க்காலில் இறங்கினால் தாயும் பின்னால் இறங்கும், அதற்கு நீந்தத் தெரியாது.

கொண்டையிலும் கண் ஓரத்திலும் பொருக்குப் பொருக்காக வந்திருக்கிறது.
— துணுக்காய்

கோழி அம்மை. மாரியில் நுளம்பு பெருகும்போது பரவும். பொருக்கைப் பிய்க்காதீர்கள். அயடின் பூசி, கண்ணை உப்புநீரால் துடைத்து, நுளம்பு வலை கட்டுங்கள். மூன்று நான்கு கிழமையில் உதிர்ந்துவிடும். வாய்க்குள்ளும் வந்து தீன் எடுக்காமல் விட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். இன்னும் வராத கோழிகளுக்குத் தடுப்பூசி உண்டு.

ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் அடித்த மயில் ஒன்றைக் கொண்டுவந்து கோழிக்கூட்டில் வைத்திருக்கிறோம். சில்க்கிக்குச் செய்வதையே இதற்கும் செய்யலாமா?
— மாங்குளம்

தூக்கி வந்ததற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் கோழிக்கூட்டிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள். கோழியின் குடற்புழு முட்டையோடு ஒரு கிருமி வெளியேறும். கோழி அதைச் சுமந்துகொண்டு சுகமாக இருக்கும், மயிலுக்கோ ஈரல் அழுகிவிடும். கோழி எச்சம் விழுந்த மண்ணே அதற்குப் போதும்.

தலையைச் சீலையால் மூடினால் மயில் அடங்கிவிடும். காலைப் பிடித்துக்கொள்ளுங்கள், நகம் கையைக் கிழிக்கும். பெரிய பெட்டியில் இருட்டாக வைத்து வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மருந்து, ஊட்டல் ஒன்றும் வேண்டாம். காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை, 1937 முதல் இருக்கிற சட்டம் அது. போன மாதம் ஒருவர், காட்டுக்கோழி முட்டையை எடுத்துவந்து சில்க்கிக்கு அடை வைக்கலாமா என்று கேட்டிருந்தார். அவருக்கும் இதே பதில். காட்டுக்கோழி நம் நாட்டின் தேசியப் பறவை, இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் இந்தக் காட்டுக்கோழி இனம் இல்லை. ஒருமுறைக்கு இரண்டு முதல் நான்கு முட்டைதான் இடும். கண்டால் கண்ட இடத்திலேயே விட்டு வாருங்கள்.

காயம் ஆறிய கோழியை மறுபடி கூட்டத்தோடு விட்டோம். மற்றவை கொத்திக் கலைக்கின்றன.
— பரந்தன்

இரண்டு கிழமை காணாத கோழி அவற்றுக்குப் புதுக்கோழி. ஆறிய இடத்தில் இறகு இல்லாமல் தோல் தெரிந்தால் இன்னும் கொத்தும். இறகு மூடும்வரை பொறுங்கள். பிறகு நான்கைந்து நாள் வலைக்கு இந்தப் பக்கம் அதுவும் அந்தப் பக்கம் மற்றவையுமாக, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு தீன் தின்னட்டும். அதன் பின், கூட்டத்தில் சாதுவான பேடு ஒன்றை அதனோடு இரண்டு நாள் சேர்த்து வைத்து, இரண்டையும் ஒன்றாக உள்ளே விடுங்கள். பொழுதுபட்ட பிறகு விட்டால் நல்லது. தீன் பாத்திரம் இரண்டு இடத்தில் இருக்கட்டும். அடுத்த நாள் காலை விடியும் நேரத்திலேயே எழும்பிப் போய்க் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். துரத்துவது ஒரே ஒரு கோழி என்றால், காயப்பட்டதை விட்டுவிட்டு அந்த ஒன்றை நான்கு நாள் வேறாகப் பிரித்து வையுங்கள்.